‘குட் இன்’ ஏன் தவறு என்று கேட்டாயே

அன்புள்ள மகளுக்கு,

‘குட் இன் மேத்ஸ்’ என்று நீ எழுதியதை உன் மேலதிகாரி ‘குட் அட்’ என்று திருத்தினாராம். காரணம் கேட்டதற்கு ‘அது அப்படித்தான்’ என்றாராம். அவரைக் குறை சொல்லாதே. ஆங்கிலமே பேசி வளர்ந்தவர்களுக்குக் காரணம் தெரிய வேண்டிய தேவை வந்ததில்லை. நமக்குத்தான் அது தேவைப்படுகிறது.

நாம் சறுக்கும் இடத்தில் பெரும்பாலும் ஒரு தமிழ் உருபு ஒளிந்திருக்கும். ‘கணக்கில் கெட்டி’ என்று சொல்லிப் பழகிய நாக்கு, அந்த ‘இல்’லை அப்படியே ‘இன்’ ஆக்கிவிடுகிறது. ‘அவன் மேல் கோபம்’ என்பது ‘ஆங்ரி ஆன் ஹிம்’ ஆகிறது. ‘அவருடன் திருமணம்’ என்பது ‘மேரீட் வித்’ ஆகிறது. ஆங்கிலத்தில் அவை ‘ஆங்ரி வித் ஹிம்’, ‘மேரீட் டு’. இந்தத் தொல்லை நமக்கு மட்டும் இல்லை. தமிழ் கற்க வரும் ஆங்கிலேயர் ‘அஃப்ரெய்ட் ஆஃப்’ என்பதை மனதில் வைத்துக்கொண்டு ‘பாம்பின் பயம்’ என்பார். அப்படிச் சொன்னால் பயப்படுவது பாம்பு!

ஆனால் எல்லாமே காரணமில்லாத வழக்கம் என்று விட்டுவிடவும் முடியாது. ‘குட்’ என்ற ஒரு சொல்லையே பார். ‘குட் அட்’ என்றால் திறமை. ‘பேட் அட்’, ‘குவிக் அட்’, ‘ஹோப்லெஸ் அட்’ எல்லாம் இந்த வரிசைதான். ‘குட் ஃபார்’ என்றால் நன்மை. நடப்பது உடம்புக்கு நல்லது என்கிறோமே, அது. ‘குட் டு’ என்பது ஒருவர் இன்னொருவரிடம் நடந்துகொள்ளும் விதம். ‘குட் வித்’ என்பது கையாளும் பாங்கு. ‘குட் டு சில்ட்ரன்’ என்றால் அவர் குழந்தைகளிடம் அன்பாக இருக்கிறார். குழந்தைகள் அவரிடம் ஒட்டுமா என்பது வேறு கதை. ‘குட் வித் சில்ட்ரன்’ என்றால் ஒட்டிக்கொள்ளும். ‘குட்’ என்ற அட்ஜெக்டிவ் (பெயரடை) மாறவே இல்லை. பொருளை மாற்றியதெல்லாம் பின்னால் வந்த அந்தச் சின்னச் சொல்தான். அதனால்தான் ‘அட்’, ‘ஃபார்’, ‘வித்’ போன்ற இந்தச் சின்னச் சொற்களை, அதாவது பிரிபொசிஷனைத் தனியாகப் படிக்காதே என்கிறேன். ‘குட் அட்’ ஒரு சொல், ‘குட் ஃபார்’ இன்னொரு சொல் என்றே வைத்துக்கொள்.

அலுவலகக் கடிதத்தில் அதிகம் கவனிக்க வேண்டியது ‘ஃபெமிலியர்’. உனக்கு ஒரு மென்பொருள் பழக்கம் என்றால் ‘ஐ ஆம் ஃபெமிலியர் வித்’. ‘டு’ போட்டால் திசை திரும்பி, அந்த மென்பொருளுக்கு உன்னைத் தெரியும் என்றாகிவிடும். ‘கன்சர்ன்ட்’ என்பதும் இதே ரகம்தான். ஓர் அறிக்கை ‘கன்சர்ன்ட் வித்’ செலவு என்றால் அது செலவைப் பற்றியது. மேலாளர் ‘கன்சர்ன்ட் அபவுட்’ செலவு என்றால் அவருக்குக் கவலை. அப்புறம், நாள் முழுக்க உழைத்து ‘டயர்ட் ஃப்ரம் வொர்க்’ என்று எழுதுவதற்குப் பதில் ‘டயர்ட் ஆஃப் வொர்க்’ என்று எழுதிவிடாதே. முதலாவது களைப்பு, இரண்டாவது சலிப்பு. இரண்டாவதைப் படிக்கிற மேலாளர், நீ வேறு வேலை தேடுகிறாய் என்று நினைத்துக்கொள்வார்.

‘சீனியர்’, ‘ஜூனியர்’, ‘சுப்பீரியர்’, ‘இன்ஃபீரியர்’ இந்த நான்குக்கும் ‘டு’தான். லத்தீனில் இருந்து வரும்போதே ஒப்பீட்டைத் தங்களுக்குள் வைத்துக்கொண்டு வந்த சொற்கள் இவை. அதனால் ‘தேன்’ சேர்க்கக் கூடாது (இனிக்கிற தேன் இல்லை, ஒப்பிடும்போது வருகிற தேன்).

‘டிஃபரன்ட்’ விஷயத்தில் மட்டும் சண்டை போடாதே. ‘டிஃபரன்ட் ஃப்ரம்’ எங்கும் செல்லும். பிரிட்டனில் ‘டிஃபரன்ட் டு’ என்றும், அமெரிக்காவில் ‘டிஃபரன்ட் தேன்’ என்றும் பேசுவார்கள். ‘ஃப்ரம்’ மட்டும்தான் சரி என்பது மூடநம்பிக்கை என்று, ஆங்கில நடைக்குக் கையேடு எழுதிய ஹென்றி ஃபௌலர் 1926லேயே எழுதிவிட்டார். நீ எழுதும்போது ‘ஃப்ரம்’ போடு, மற்றவர் எழுதியதைத் திருத்தாதே.

பிரிபொசிஷனுக்குப் பின் வினைச்சொல் வந்தால் ‘இங்’ சேரும் என்பது உனக்குத் தெரியும்: ‘கேப்பபிள் ஆஃப் டூயிங்’, ‘இன்ட்ரஸ்டட் இன் லேர்னிங்’. சிக்கல் ‘யூஸ்ட் டு’வில்தான். ‘ஐ ஆம் யூஸ்ட் டு வொர்க்கிங் லேட்’ என்றால் இரவு நேரம் வரை வேலை பார்ப்பது எனக்குப் பழகிவிட்டது. ‘ஐ யூஸ்ட் டு வொர்க் லேட்’ என்றால் முன்பெல்லாம் பார்ப்பேன், இப்போது இல்லை. முதல் ‘டு’ பிரிபொசிஷன், இரண்டாவது அப்படி இல்லை. இந்த ஒன்றை மட்டும் நான்கைந்து வாக்கியம் எழுதிப் பழகிக்கொள்.

இன்னொரு தொந்தரவும் உண்டு. அட்ஜெக்டிவ் பெயர்ச்சொல்லாக மாறும்போது கூட வருகிற சொல்லும் சில நேரம் மாறிவிடும். ‘ப்ரவுட் ஆஃப்’ என்பது ‘ப்ரைட் இன்’ ஆகும், ‘ஃபாண்ட் ஆஃப்’ என்பது ‘ஃபாண்ட்னஸ் ஃபார்’ ஆகும். ‘ஃபுல் ஆஃப்’, ஆனால் ‘ஃபில்ட் வித்’. ஏன் என்று கேட்காதே, இங்கே நானும் உன் மேலதிகாரி கட்சிதான்.

பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை, நாலே நாளில் கலந்துவிடும். ஆங்கிலம் கற்போருக்கென்று வரும் நல்ல அகராதிகளில் அட்ஜெக்டிவுக்குப் பக்கத்திலேயே அதோடு சேரும் சொல்லையும் போட்டிருப்பார்கள். பார்த்த கையோடு உன்னைப் பற்றியே ஒரு வாக்கியம் எழுதிவிடு.

கேள்வி கேட்கும்போது பிரிபொசிஷன் கடைசியில் போய் நிற்கிறதே, அது சரியா என்றும் கேட்டிருந்தாய். தாராளமாக நிற்கலாம். 1672இல் கவிஞர் ஜான் டிரைடன், நாடக ஆசிரியர் பென் ஜான்சனின் ஒரு வரியில் இதைக் குற்றமாகச் சொன்னார். பிறகு பள்ளிகளில் அது விதியாகவே நடமாடியது. பேசுகிற மக்கள் யாரும் கண்டுகொள்ளவில்லை. ‘வாட் ஆர் யூ அஃப்ரெய்ட் ஆஃப்?’ என்றே கேள். ‘ஆஃப் வாட் ஆர் யூ அஃப்ரெய்ட்?’ என்று கேட்டால் இலக்கணத்தில் தப்பில்லை, எதிரில் இருப்பவர்தான் முழிப்பார்.

அன்புடன்,
அம்மா