போக ஏழு மணி நேரம், வர ரெண்டு மணி நேரமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை சுற்றுலாப் பக்கத்துல திருச்சி - சிங்கப்பூர் விமானம் பத்தி போட்டிருந்தீங்க. போக கிட்டத்தட்ட ஏழு மணி நேரமாம், திரும்பி வர ரெண்டு மணி நேரம்கூட ஆகாதாம். அதுக்குக் காரணம் "காற்று சாதகமாக வீசுவதால்"னு வேற. அடேங்கப்பா! சிங்கப்பூர் கடிகாரம் நம்மளவிட ரெண்டரை மணி நேரம் முன்னாடி ஓடுறது உங்களுக்குத் தெரியாமலா இருக்கும், டிக்கெட்டுல போடுறது அந்தந்த ஊர் நேரம், எழுதினவரு ரெண்டையும் அப்படியே கழிச்சு வச்சிருக்காரு. ஏழுல ரெண்டரையக் கழிங்க, ரெண்டோட ரெண்டரையக் கூட்டுங்க, போனாலும் வந்தாலும் நாலு, நாலரை மணி நேரம்தான். தூரம் கிட்டத்தட்ட 3000 கிலோமீட்டர், அப்போ அவரு கணக்குப்படி வர்றப்போ வேகம் மணிக்கு 1500. சத்தத்தவிட வேகமாப் பறந்த, 2003லயே நிறுத்தின கான்கார்டு விமானத்த திருச்சிக்கு மட்டும் விடுறாங்க போல.

காத்துல விஷயமே இல்லன்னு சொல்லல. 2016ல ஏர் இந்தியா டெல்லி - சான் பிரான்சிஸ்கோ விமானத்த அட்லாண்டிக் பக்கம் விடாம பசிபிக் வழியா திருப்புச்சு, தூரம் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல கூடியும் பின்னாலேருந்து தள்ளுற காத்துல நேரம் குறைஞ்சுது. அவ்ளோ தூரத்துலயே மிச்சம் ரெண்டு மணி நேரம்தான் சார். இங்க நாலு மணி நேரப் பயணத்துல அஞ்சு மணி நேரம் மிச்சம் பண்ணிட்டாரு உங்க ஆளு!

எங்க அக்கா சுகர்காரங்க. இதப் படிச்சுட்டு ஏழு மணி நேரம் என்னால உக்கார முடியாதுன்னு பேத்தியப் பாக்கப் போறதையே வேண்டாம்னுட்டாங்க. நான் எவ்ளோ சொல்லியும் "பேப்பர்லயே போட்டிருக்கான், நீ என்ன பெரிய பைலட்டா"ன்னு என் வாய அடைச்சாச்சு.

இது புதுசும் இல்ல. முன்னாடி ஒரு தடவ, திருச்சி தெற்க இருக்கறதால சென்னையவிட சிங்கப்பூருக்குக் கிட்டன்னு எழுதினீங்க. சென்னை கிழக்க தள்ளி இருக்கு, அங்கேருந்துதான் 50 கிலோமீட்டர் போலக் கம்மி. அப்பவே கடிதம் போட்டேன், வரல. அந்த வாரம் ராசிபலன் பலிச்சுதுன்னு ஒருத்தர் எழுதினது மட்டும் கட்டம் கட்டி வந்துச்சு. அதுக்கப்புறம் சென்னைக்கு ஒரு மணி நேரத்துல போயிடலாம்னு ஒரு கட்டுரை, முன்கூட்டியே போய் செக்-இன்ல நிக்கறது, மீனம்பாக்கத்துல பெட்டிக்குக் காத்துக்கிடக்கறது, அப்புறம் சிட்டிக்குள்ள டிராபிக், அதெல்லாம் யாரு நேரமாம்?

பெருசா ஒண்ணும் கேக்கல. ஒரு திருத்தம் போடுங்க, இனிமே விமான நேரம் போடுறப்போ பக்கத்துலயே "உள்ளூர் நேரம்"னு சேத்துடுங்க, பறக்கற நேரத்தத் தனியா குடுங்க. திருத்தத்த மட்டும் வழக்கம்போல டெண்டர் விளம்பரத்துக்கு அடியில போட்டுடாதீங்க.

இப்படிக்கு,
பல வருஷத்து வாசகர்,
உறையூர், திருச்சி