அது லுங்கி இல்லடா கார்த்தி

கார்த்தி கண்ணு,

நீ அனுப்புன போட்டோவ பெருசு பண்ணி பண்ணி பாத்தேன். உன்கூட வேலை செய்றவரோட பாட்டி சாவுக்கு நைஜீரியாவுல புகுமான்னு ஒரு ஊருக்கு போனேன்னு சொன்னியே, அங்க நிக்கிற பொம்பளைங்க ஆம்பளைங்க எல்லார் இடுப்புலயும் கட்டம் போட்ட துணி, "என்னம்மா நம்ம ராயபுரம் லுங்கிய இங்க கட்டிட்டு நிக்கிறாங்க"ன்னு சிரிப்பு பொம்மை போட்டு கேட்டிருந்த. அது லுங்கி இல்லடா. அதுக்கு ரியல் மெட்ராஸ் ஹாண்ட்கர்சீஃப்னு பேரு, ஆபீஸ்ல ஆர்.எம்.எச்.கே.ன்னு சொல்லுவோம். நீ பொறக்குறதுக்கு முன்னாடி லிங்கிசெட்டி தெருவுல ஒரு எக்ஸ்போர்ட் ஆபீஸ்ல நான் டைப்பிஸ்ட்டா இருந்தேன்ல, நான் அடிச்ச இன்வாய்ஸ்ல பாதி லாகோஸ், போர்ட் ஹார்கோர்ட்னுதான் இருக்கும். மேப்ல எங்க இருக்குன்னு ஒரு நாளும் பாத்ததில்ல, பேரு மட்டும் விரலுக்கு பழக்கம். இப்ப அந்த ஊர்ல என் புள்ளையே எண்ணெய் எடுக்குற ரிக்ல வேலை செய்றான், இத எங்க போய் சொல்றது.

எங்க ஆபீஸ்ல ஒரு பெரிய சாம்பிள் நோட்டு உண்டு. பக்கத்துக்கு பக்கம் உள்ளங்கை அளவு துணி ஒட்டி, கீழ நம்பர் எழுதியிருப்பாங்க. செவப்பு, கருநீலம், நடுவுல மெலிசா வெள்ளை இழை. 36 இன்ச் சதுரம் சதுரமா வர்ற மாதிரி 8 கஜ பீஸா நெய்வாங்க. அந்த நோட்ட தொறந்தா ஒரு வாசனை வரும் பாரு, எண்ணெயும் சாயமும் கலந்த ஒரு கனமான வாசனை, மதியம் சாப்பாட்டுக்கு கைய கழுவுனாலும் போகாது. மேனேஜர் சொல்லுவாரு, அந்த ஊரு பொம்பளைங்க துணிய மோந்து பாப்பாங்க, ஓரத்த நாக்குல வெச்சு கூட பாப்பாங்க, அசல் இல்லன்னா தூக்கிப் போட்டுடுவாங்கன்னு. அப்ப நான் நம்பல, சும்மா கதை விடுறாருன்னு நெனச்சேன். இப்ப நெட்ல தேடித் தேடி படிச்சா அத்தனையும் நெசம். புகுமா பக்கத்து கலாபாரி ஜனங்கள பத்தி ஆராய்ச்சி பண்ணவங்களே எழுதி வெச்சிருக்காங்க.

எப்படி இது அங்க போச்சுன்னு கேட்டல்ல, அதுக்கு ரெண்டு ஊரு மண்ணையும் பாக்கணும்.

மொதல்ல நம்மூரு. மெட்ராஸ் துறைமுகத்துக்கு லாயக்கே இல்லாத எடம்டா. கப்பல் ஒதுங்க ஒரு வளைவு கெடையாது, அலை நேரா வந்து கரையில அடிக்கும், கப்பல் ரொம்ப தூரத்துல நங்கூரம் போட்டு நிக்கணும், ஆணியே அடிக்காம பலகைய நார்க் கயித்தால தெச்ச மசூலா படகுலதான் ஆளும் சரக்கும் வரும், பாதி நேரம் மூட்டை நனைஞ்சு போகும். அப்புறமா 1870கள்ல ஆரம்பிச்சு கஷ்டப்பட்டு ஒரு ஹார்பர் கட்டுனாங்க, 1881 புயல் அதையும் ஒடச்சிட்டு போயிடுச்சு. இப்படி ஒரு எடத்த 1639ல கிழக்கிந்திய கம்பெனிக்காரன் நாயக்கர்கிட்ட எதுக்கு கேட்டு வாங்குனான்னா, துணி. இங்க துணி மத்த எடத்தவிட வெலை கொறச்சலா கெடைக்குது, பின்னாடி தறி ஓடுற ஊரு வரிசையா இருக்கு, அவ்ளோதான். செவப்பு சாயத்துக்கு சாயவேர் வேணும், அது இந்த கடலோர மணல்லதான் நல்லா வரும், கிளிஞ்சல் சுண்ணாம்பு இருக்குற மண்ணா இருந்தா செவப்பு இன்னும் தூக்கும். துணிய வெளுக்க நல்ல தண்ணியும் வெயிலும் அகலமான வெட்டவெளியும் வேணும். நம்ம வண்ணாரப்பேட்டையே அதுக்காக வந்த எடம்தான், நீ மெட்ரோல எறங்குன ஸ்டேஷனுக்கு மேல ஒரு காலத்துல கம்பெனி துணி காஞ்சிருக்கும். 1734ல நெசவாளிங்களுக்குன்னே சிந்தாதிரிப்பேட்டைய உண்டாக்குனாங்க.

காலண்டர் கூட காத்து போட்டதுதான். அக்டோபர் பொறந்தா வாடைக்காத்து, புயல், கப்பல்ங்க நங்கூரத்த தூக்கிட்டு ஓடிடும். அதுக்குள்ள சரக்கு ஏறணும்னு நெசவாளிக்கு முன்பணம் குடுத்து கழுத்துல உக்காந்துப்பானுங்க. அந்த முன்பணத்துலயே அவங்க காலத்துக்கும் கட்டுப்பட்டு கெடந்தாங்க. மிக்ஜாம் அப்ப நம்ம தெருவுல இடுப்பளவு தண்ணி நின்னுச்சே, அந்த மாதிரி ஒரு புயல் வந்தா ஒரு வருஷ வியாபாரமே போச்சு.

இப்ப உன் ஊரு. நீ தெனம் போட்ல போறியே அந்த க்ரீக், உப்புத்தண்ணி, சேறு, மாங்ரோவ் காடு. அதுல பருத்தி எங்கடா வெளையும்? கெழங்கே உள்நாட்டுலேந்து வரணும். கலாபாரிக்காரங்களுக்கு மீனும் படகும்தான். அதனால அவங்க வியாபாரிங்களா ஆனாங்க, உள்நாட்டு சரக்குக்கும் வெள்ளைக்காரன் கப்பலுக்கும் நடுவுல நின்னாங்க, துணி பூரா வெளியிலேந்து வந்துச்சு. வந்த துணிய அப்படியே கட்டுனாங்கன்னு நெனைக்காத. போட்டோவுல மூணாவதா நிக்கிற அம்மா கட்டியிருக்குறத நல்லா பாரு, கட்டத்துக்கு நடுவுல சல்லடை மாதிரி ஓட்டை ஓட்டையா தெரியும். அது கிழிசல் இல்ல. பிளேடால சில இழைய மட்டும் வெட்டி ஒவ்வொண்ணா உருவி எடுத்து புது டிசைன் கொண்டு வர்றாங்க, பெலெட்டே பிட்டேன்னு சொல்றாங்க. நெய்யத் தெரியாதவங்க, வேற ஊருக்காரங்க நெய்ஞ்ச துணியில இழைய எடுத்தே ஒரு கலைய உண்டாக்கிட்டாங்க, எனக்கு இது படிச்சப்ப புல்லரிச்சு போச்சுடா. சாவுக்கு கட்டில் மேல மடிச்சு மடிச்சு அடுக்குவாங்கன்னு போட்டிருந்துச்சு, அந்த குடும்பத்து சொத்தே அதுதான். நம்மாளு நெய்ஞ்ச துணிதான், ஆனா இப்ப அது அவங்களோடது. நம்ம வீட்டு கொழம்புல போடுற மொளகா மெக்சிகோ பக்கத்துலேந்து வந்ததுன்னு யாராவது உரிமை கொண்டாட வந்தா விடுவோமா, அந்த மாதிரி.

இதுல ஒரு அசிங்கமான பக்கமும் இருக்கு, அத மறைச்சு உனக்கு எழுத மாட்டேன். ஆரம்பத்துல இந்த துணிக்கு அங்க குடுத்த வெலையில மனுஷங்களும் இருந்தாங்க. இங்கேந்து போற துணி லண்டன், லிவர்பூல்னு போய் ஆப்பிரிக்கா கரைக்கு போகும், அங்கேந்து அடிமைங்கள ஏத்திட்டு கரீபியன் போவான். அந்த தீவுங்கள்லயும் பொம்பளைங்க தலையில மெட்ராஸ் துணிதான் கட்டுனாங்க, மார்ட்டினிக், குவாடலூப்ல இன்னிக்கும் விசேஷத்துக்கு அதுதான். நம்ம நெசவாளிக்கு இதெல்லாம் தெரிஞ்சிருக்காது, முன்பணத்த அடைச்சா போதும்னு இருந்திருப்பான். கலாபாரி பெரியவங்கள்லயும் அந்த வியாபாரத்துல நடுவுல நின்னவங்க உண்டு, அதனால சாப்பாட்டு நேரத்துல இத பெரிசா எடுத்து பேசிடாத, சரியா.

1807ல இங்கிலாந்து அடிமை வியாபாரத்த தடை பண்ணுச்சு. போகப்போக அதே ஆறு, அதே படகு, அதே ஆளுங்க, சரக்கு மட்டும் பாமாயிலா மாறிடுச்சு. வெள்ளைக்காரன் ஃபேக்டரி மெஷினுக்கும் சோப்புக்கும் எண்ணெய் வேணும்ல. பெட்ரோல் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே அந்த பக்கத்துக்கு ஆயில் ரிவர்ஸ்னுதான் பேரு. நீ இருக்குற போர்ட் ஹார்கோர்ட் ஊரே 1912, 13 வாக்குல எனுகு நெலக்கரிய கப்பல் ஏத்த உண்டாக்குனதுதான். அப்புறம் 1956ல அந்த பக்கம் ஒலொய்பிரிங்குற ஊர்ல குரூட் எண்ணெய் கெடைச்சுது, அதோட வாலைப் புடிச்சுட்டுதான் நீ போயிருக்க.

எனக்கு இதுல ஒரே ஒரு விஷயம்தான் உறுத்துது. நம்மகிட்ட பருத்தியும் இருந்துச்சு, சாயமும் இருந்துச்சு, கையும் இருந்துச்சு. தங்க ஊரு கம்பளி, பட்டு நெசவாளிங்க பொழைக்கணும்னு இங்கிலாந்துல 1721லயே நம்ம அச்சடிச்ச துணிய போடக் கூடாதுன்னு சட்டம் போட்டாங்க. நூறு வருஷம் போனா பஞ்ச வெளியிலேந்து வாங்கி மான்செஸ்டர்ல நெய்ஞ்சு நமக்கே விக்கிறான். செயற்கை செவப்பு 1869ல வந்துச்சு, சாயவேர் காலி. 1897ல ஜெர்மனியிலேந்து செயற்கை அவுரி நீலம், நம்ம அவுரியும் காலி. இந்த ஆர்.எம்.எச்.கே.ய கூட காப்பியடிச்சு பாத்தான், அங்க மோந்து பாத்து வேண்டாம்னு தள்ளிட்டாங்க, அதனால நம்ம கைத்தறி அங்க மட்டும் தப்பிச்சுது. உன் நைஜீரியாவும் அதே கததானே? குரூட் மொத்தமும் அவங்க மண்ணுல, ஆனா போர்ட் ஹார்கோர்ட் ரிஃபைனரி வருஷக்கணக்கா மூடிக் கெடந்துச்சு, எண்ணெய் வித்த காசுல பெட்ரோல வெளியிலேந்து வாங்குனாங்க, பங்க்ல க்யூ நிக்குதுன்னு நீதான் வாய்ஸ் நோட்ல பொலம்புவ. 2024ல லாகோஸ் பக்கம் டாங்கோட்டே ரிஃபைனரி ஓட ஆரம்பிச்சுதே, ஒரு நாளைக்கு ஆறரை லட்சம் பேரல் கெப்பாசிட்டி, அது எப்படி போகுதுன்னு நான் சீரியல விட்டுட்டு பாக்குறேன், உங்கப்பா சிரிக்கிறாரு. சிரிக்கட்டும். மண்ணு குடுக்குறத மண்ணு குடுத்துடுது, அத யாரு செஞ்சு விக்கிறாங்குறதுல தாண்டா காசு இருக்கு, அது எப்பவும் யார் கையில சட்டமும் கப்பலும் இருக்கோ அவங்ககிட்டதான் போயிருக்கு.

எங்க ஆபீஸ் எப்படி படுத்துச்சுன்னும் சொல்றேன். எண்பதுகள்ல எண்ணெய் வெலை விழுந்துச்சு, நைஜீரியாவுல டாலர் இல்ல, எல்.சி., அதான் சரக்குக்கு பணம் வரும்னு பேங்க் குடுக்குற உத்தரவாதம், வர்றது நின்னு போச்சு. கோடவுன்ல பேல் பேலா கெடந்துச்சு, வேற யாருக்கும் அது வேண்டாம். அமெரிக்காக்காரன் மெட்ராஸ்னு கேட்டது வேற துணி. அது இன்னொரு கூத்து. அம்பதுகள் கடைசியில இங்கேந்து போன சட்டைத்துணி தொவைச்சதும் சாயம் விட்டுச்சு, அவன் என்ன பண்ணான், சாயம் போறதுக்கு கேரண்டின்னு விளம்பரம் குடுத்து ஃபேஷனாக்கி வித்துட்டான்! நம்ம எம்.சி. ரோட்ல அப்படி ஒரு பொடவைய வித்துப் பாக்கட்டும், மறுநாளே கடைக்காரன் மூஞ்சியில வந்து விழும்.

உன் கூட்டாளி அம்மாவ ஆன்ட்டின்னு கூப்பிட்டு மெதுவா கேளு, அவங்க வீட்டுல பழைய பீஸ் இருக்கா, டிசைனுக்கு என்னென்ன பேரு வெச்சிருக்காங்கன்னு. எங்க நோட்டுல வெறும் நம்பர்தான் இருந்துச்சு. மார்க்கெட்ல இப்ப பீஸ் எத்தனை நைராக்கு போகுதுன்னு பாரு, வாங்குறதுக்கு முன்னாடி திருப்பிப் பாரு, பின்பக்கம் வெளிறி இருந்தா அது அச்சு, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தாதான் நூல்லயே சாயம் ஏத்துனது. மலேரியா மாத்திரை ஸ்டாக் இருக்கான்னு எண்ணி வெச்சுக்கோ. ஞாயித்துக்கெழம உன் டைம் ஆறு மணிக்கு முன்னாடியே கூப்பிடு, அதுக்கு மேல ஆனா இங்க பத்தரை, அப்பா தூங்கிடுவாரு.

அம்மா
பழைய வண்ணாரப்பேட்டை