நடுப்புள்ளியை நம்பச் சொல்லாதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழின் கனடா சாலையோரப் பூக்கள் கட்டுரையில், ‘வெள்ளைக் குடைப்பூவின் நடுவில் கருஞ்சிவப்புப் புள்ளி இருந்தால் அது காட்டு கேரட், வேரைச் சமைக்கலாம்’ என்று ஒரு வரி. மனசு ஆறவில்லை.

காட்டு கேரட் (டௌகஸ் கரோட்டா) ஈராண்டுச் செடி. பூத்துவிட்டால் வேர் கட்டையாகிவிடும். வாயில் வைக்கலாம் என்றால் முதலாண்டு வேரைத்தான். அந்த ஆண்டில் பூவே வராது, புள்ளிக்கு எங்கே போவது? தரையோடு படர்ந்த இலைக்கொத்து மட்டும் இருக்கும். நச்சு ஹெம்லாக் (கோனியம் மாகுலேட்டம்) என்ற கொடிய செடியும் முதலாண்டில் அதே கோலத்தில், அதே மாதிரி வெள்ளை வேரோடு நிற்கும். அதிலுள்ள கோனைன் என்ற நஞ்சு தசைகளை முடக்கி மூச்சை நிறுத்திவிடும். மாற்று மருந்து கிடையாது. பூத்த காட்டு கேரட்டிலும் பல குடைகளில் அந்தப் புள்ளி இருக்காது.

பார்க்க வேண்டியது மயிரை. காட்டு கேரட்டின் தண்டிலும் இலைக்காம்பிலும் சொரசொரவென்று மயிர் இருக்கும். ஹெம்லாக் தண்டு வழவழவென்று, கத்தரிப்பூ நிறத் திட்டுகளோடு, உள்ளே குழலாக இருக்கும். மாகுலேட்டம் என்றாலே புள்ளி விழுந்தது என்றுதான் பொருள். பூத்திருந்தால் குடையைத் திருப்பி அடியைப் பாருங்கள். காட்டு கேரட்டின் பூவடிச்செதில்கள் நீளமாக, சதகுப்பை இலைபோல் இழை இழையாகப் பிரிந்திருக்கும். ஹெம்லாக்கில் அவை சிறியவை, பிரியாதவை. காய்த்ததும் காட்டு கேரட் குடை குருவிக்கூடு போல் உள்ளே சுருளும். காயில் முள்மயிர் இருக்கும். ஹெம்லாக் காயில் முள் கிடையாது, நெளிநெளியான வரம்புகள்தான். கசக்கி முகர்ந்து பார் என்ற யோசனை வேண்டாம். அந்தச் சாறு கையில் படவே கூடாது.

நீங்கள் போட்ட படங்களும் பூவை மேலிருந்து எடுத்தவை. தண்டு தெரியவில்லை, அடிப்பக்கம் தெரியவில்லை. முன்பு சாக்ரடீஸ் குடித்த நஞ்சைப் பற்றி எழுதியபோதும் ஊசியிலை ஹெம்லாக் மரத்தின் படத்தைப் போட்டிருந்தீர்கள். அந்த மரத்துக்கும் இந்தச் செடிக்கும் பெயரைத் தவிர ஒட்டுமில்லை உறவுமில்லை. அப்போதே எழுதினேன், திருத்தம் வரவில்லை. அறிவியல் பெயரைச் சேருங்கள் என்று எத்தனையோ முறை கேட்டாயிற்று. கொத்தமல்லி, சீரகம், ஓமம் எல்லாம் இதே குடும்பம் என்பதால் நம்மவர்களுக்கு இந்தக் குடைப்பூவைக் கண்டால் பயமே வராது. அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

அடுத்த இதழில் அதே பக்கத்தில் திருத்தம் வேண்டும். இரண்டு தண்டுகளின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் போதும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
டொராண்டோ