டிரைவிங் ஸ்கூல் அண்ணன்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம் அண்ணன்களே. நான் இப்போ எல் போர்டு கேஸ். எந்த ஊரு, எந்த ஸ்கூலுன்னெல்லாம் வேணாம், ஒருத்தர மாட்டிவிட இத எழுதல. போன வாரம் கிளாஸ் நடுவுல திடீர்னு மழை, பதட்டத்துல வைப்பருக்கு பதிலா இண்டிகேட்டர போட்டுட்டேன், மாஸ்டர் சிரிச்சுக்கிட்டே "லேடீஸுக்கு மெஷின் விஷயம் மண்டைல ஏறாதும்மா"ன்னாரு, பின்சீட்டு பசங்களும் சேந்து சிரிச்சாங்க. அந்த ரெண்டுமே யார் மண்டைல உதிச்சதுன்னு உங்களுக்கு சொல்லணும்னு தோணுச்சு.

வைப்பர் மேரி ஆண்டர்சனோடது. அமெரிக்காவுல அலபாமாக்காரங்க, இன்ஜினியர் கிடையாது. பனிக்காலத்துல நியூயார்க் போனப்போ டிராம்ல உக்காந்திருக்காங்க, கண்ணாடி பூரா பனி, ரோடு தெரியாம டிரைவர் முன்கண்ணாடிய திறந்து வச்சு ஓட்டுறாரு, குளிர் எல்லார் மூஞ்சிலயும் அடிக்குது. நாமளா இருந்தா டிரைவர திட்டிட்டு ஸ்டாப்பு வந்ததும் இறங்கியிருப்போம். அவங்க ஊருக்கு போயி, உள்ள இருந்து கையால ஆட்டுற லீவர், வெளிய ரப்பர் வச்ச கம்பின்னு யோசிச்சு 1903 நவம்பர்ல பேட்டன்டே வாங்கிட்டாங்க. கனடா கம்பெனி ஒண்ணுகிட்ட விக்க பாத்தா, இதுல வியாபாரம் இல்லன்னு கைய விரிச்சிட்டான். 17 வருஷத்துல பேட்டன்ட் முடிஞ்சுது, 1922ல கேடிலாக் கம்பெனி கார்ல வைப்பர் கூடவே சேந்து வந்துச்சு. அவங்களுக்கு ஒத்த பைசா இல்ல.

இண்டிகேட்டர்? ஊமைப்பட காலத்து ஸ்டார் நடிகை ஃப்ளோரன்ஸ் லாரன்ஸ். 1914 வாக்குல, பட்டன அமுக்கினா வண்டி பின்னாடி ஒரு கை தூக்கி எந்தப்பக்கம் திரும்புறோம்னு காட்டும், பிரேக் போட்டா 'நில்லு'ன்னு போர்டு எழும்பும். பேட்டன்ட் வாங்காம விட்டுட்டாங்க, பாவம்.

இன்னொருத்தர சொல்லாம விட்டா என் மனசு ஆறாது. பெர்த்தா பென்ஸ், அந்த பென்ஸ் வீட்டம்மாதான். புருஷன் காரு செஞ்சுட்டாரு, வாங்கத்தான் ஆள் இல்ல. 1888 ஆகஸ்ட்ல இந்தம்மா அவர்கிட்ட சொல்லாம ரெண்டு பசங்கள ஏத்திக்கிட்டு ஜெர்மனியில மான்ஹைம்ல இருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரைக்கும், நூறு கிலோமீட்டருக்கு மேல, அம்மா வீட்டுக்கு கிளம்பிட்டாங்க! பங்க் எல்லாம் ஏது அப்போ, வழியில மருந்துக்கடையில கறை எடுக்கிற திரவத்த வாங்கி டேங்க்ல ஊத்துனாங்க. பெட்ரோல் குழாய் அடைச்சுக்கிச்சு, தொப்பி ஊசியால குத்தி எடுத்தாங்க. மேட்டுல ஏறல, பசங்க எறங்கி தள்ளுனாங்க. மரக்கட்டை பிரேக் தேய்ஞ்சதும் செருப்பு தைக்கிறவர்கிட்ட நிறுத்தி அது மேல தோல் அடிக்க சொன்னாங்க பாருங்க, நம்ம மெக்கானிக் 'பிரேக் லைனிங் போச்சு'ன்னு பில் போடுறாரே, அதோட ஆரம்பமே அதுதான். திரும்பி வந்து மேடு ஏற இன்னொரு கியர் வேணும்னு புருஷன்கிட்ட சொன்னதும் அவங்கதான். டெஸ்ட் டிரைவ்னா இதில்ல டெஸ்ட் டிரைவ்.

நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான். மொத நாள் கிளாஸ்ல 'இது கிளச்சு, இது பிரேக்கு'ன்னு சொல்லிக்குடுக்கிறப்போ, கூடவே இந்த மூணு பேரையும் சொல்லிடுங்க, ரெண்டு நிமிஷம் கூட ஆகாது. பின்சீட்டு பசங்களும் கேட்டுக்கட்டும்.

ரிவர்ஸ் எடுக்கிறது எனக்கு இன்னும் சரியா வரல, அது என் தப்புதான், ஒத்துக்குறேன். சனிக்கிழமை இன்னொரு தடவ காட்டுங்க மாஸ்டர்.