பாலாற்றங்கரையில் தண்ணீர் கொடுத்த அண்ணனுக்கு நன்றி

அம்மாவின் அஸ்தியைக் கரைக்கப் பாலாற்றுக்குப் போனால், விரிஞ்சிபுரம் பக்கம் வெறும் மணல். கால் நனையக்கூடத் தண்ணீர் இல்லை. திகைத்து நின்றபோது பம்புசெட்டிலிருந்து நீங்கள்தான் இரண்டு குடம் தூக்கி வந்தீர்கள். அதோடு போயிருக்கலாம். மண்டியிட்டு, கையாலேயே மணலைத் தோண்டி, தண்ணீரை ஊற்றி, "இதுல கரைங்கம்மா" என்றீர்கள்.

அம்மாவும் சின்ன வயதில் இதே ஆற்றில் ஊற்று தோண்டி, கொட்டாங்குச்சியால் மொண்டு குடம் நிரப்பியவர்தான். பேரப்பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டும்போதெல்லாம் அந்தக் கதைதான் (எங்களுக்கே மனப்பாடம்). 2021 நவம்பரில் ஆறு கரைபுரண்டு ஓடியபோது, பாலத்துக்குக் கூட்டிப்போகச் சொல்லி அடம்பிடித்தார். பார்த்ததும் குழந்தைபோலக் கைதட்டினார்.

பேர் கேட்டேன். "அதெல்லாம் எதுக்கு" என்று சைக்கிளை மிதித்துவிட்டீர்கள். உங்கள் பச்சை பிளாஸ்டிக் குடம் ஒன்று எங்கள் வண்டியிலேயே வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறேன், அண்ணா.