டிஸ்கஸில் எது ஆண், எது பெண்?

கொழிஞ்சாம்பாறை
மார்கழி

அன்புள்ள குமரேசா,

உன் கடிதமும் மீன் படங்களும் கிடைத்தன. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்ற வரியைப் படித்த பிறகுதான் மற்றதைப் படிக்க மனசு வந்தது. சொட்டு மருந்தை வேளை தவறாமல் போட்டுவிடு, கொஞ்ச நாளைக்கு அடுப்புப் பக்கம் விடாதே. இங்கே எல்லோரும் சுகம். மகளுக்கு ப்ளஸ் டூ, ராத்திரி பன்னிரண்டு வரை விளக்கு எரிகிறது. கணவாய்க் காற்று ஆரம்பித்துவிட்டது. வேலந்தாவளம் பக்கமிருந்து அடிக்கிற அடியில் ஓடெல்லாம் சடசடக்கிறது, பகலில் நல்ல வெயில், விடியற்காலையில் குளிர், அதனால் மீன் அறையில் எல்லா ஹீட்டரும் ஓடுகின்றன.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ வாங்கிய நாலு டிஸ்கஸ் மீனில் எது ஆண் எது பெண் என்று படத்தைப் பார்த்துச் சொல்லச் சொன்னாய். முடியாது குமரேசா. நேரில் வந்து உன் தொட்டி முன்னால் உட்கார்ந்தாலும் இப்போது முடியாது. கப்பியில் ஆணுக்குத்தான் நிறம், ஃபைட்டரில் ஆணுக்குத்தான் நீளத் துடுப்பு, பார்த்தவுடன் சொல்லிவிடலாம். டிஸ்கஸில் அப்படி வெளியே தெரிகிற அடையாளம் எதுவும் கிடையாது. அதுவும் உன்னுடையது மூன்று அங்குலக் குஞ்சு. பருவத்துக்கு வரவே ஒரு வருஷத்தை ஒட்டி ஆகும், சிலது இன்னும் தாமதம். அந்த வயசு மீனை 'கன்ஃபர்ம் பேர்' என்று சொல்லி ஜோடி விலை வாங்கினார்கள் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் எனக்குக் கோபமே வந்தது. முட்டை போட்டு, அது பொரித்து, குஞ்சு நீந்துவதைப் பார்க்காமல் யாரும் ஜோடி என்ற சொல்லை வாயில் எடுக்கக் கூடாது.

பாலக்காட்டிலிருந்து வருகிறவர்களும் சரி, பொள்ளாச்சியிலிருந்து வருகிறவர்களும் சரி, என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். கேட்டுவிட்டு, தாங்கள் கேள்விப்பட்ட அடையாளங்களையும் அவர்களே சொல்வார்கள். ஆண் பெரிதாக இருக்கும், உதடு தடித்திருக்கும், நெற்றி புடைத்திருக்கும், முதுகுத் துடுப்பின் பின்முனை கூராக நீண்டிருக்கும், பெண்ணுக்கு அது வட்டமாக முடியும். இவையெல்லாம் பொய் என்று சொல்ல மாட்டேன். ஒரே அடையில் பிறந்து, ஒரே தொட்டியில் ஒரே தீனி தின்று வளர்ந்த மீன்களாக இருந்தால் ஓரளவு ஒத்துவரும். வேறு வேறு இடத்தில் வாங்கிய மீன்களை அருகருகே விட்டு இதைப் பார்த்தால் வயசையும் வளர்த்தியையும்தான் பார்க்கிறாய். பக்கவாட்டுப் படத்தில் கோடு போடுகிற முறை ஒன்றும் இருக்கிறது. முதுகுத் துடுப்பின் விளிம்பை ஒட்டி ஒரு கோடு, அடித் துடுப்பின் விளிம்பை ஒட்டி ஒரு கோடு, இரண்டையும் பின்னால் நீட்ட வேண்டும். வாலை வெட்டிக்கொண்டு போனால் ஆண், வாலைத் தொடாமல் வெளியே போனால் பெண் என்பார்கள். காட்டு மீனுக்கு ஏதோ பொருந்தலாம். இன்றைக்கு நம் கைக்கு வருவதெல்லாம் உயரமான உடம்புக்காகவும் துடுப்புக்காகவும் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்த ரகங்கள், அவற்றில் இந்தக் கோட்டை நம்பி நான் பணம் கொடுக்க மாட்டேன்.

இன்னொன்று. சின்னக் குஞ்சிலேயே பெரிய மீனின் நிறமெல்லாம் ஏறியிருந்தால் சந்தேகப்படு. சீக்கிரம் விற்க வேண்டும் என்று தீனியில் ஆண் ஹார்மோன் கலப்பவர்கள் உண்டு. அப்படி வளர்ந்த பெண் மீன் பார்க்க ஆண் மாதிரி இருக்கும், பிற்பாடு முட்டையும் வராமல் போகலாம். உன் படத்தில் இருப்பவை மங்கலாகத்தான் இருக்கின்றன, அது எனக்குச் சந்தோஷம்.

அப்புறம், நம்பக்கூடிய அடையாளம் ஒன்றே ஒன்று. முட்டை போடும் சமயத்தில் வெளியே வரும் குழாய். எங்கே பார்க்க வேண்டும் என்றால், வயிற்றின் அடியில், கீழே தொங்குகிற இரண்டு மெல்லிய துடுப்புகளுக்கும் அடித் துடுப்பு ஆரம்பிக்கிற இடத்துக்கும் நடுவில். மற்ற நாளில் அங்கே ஒன்றும் தெரியாது. முட்டைக்கு ஓரிரண்டு நாள் முன்னால் எட்டிப் பார்க்க ஆரம்பிக்கும், முட்டை போடும்போது முழுசாகத் தெரியும். பெண்ணுக்கு அது தடித்து, நுனி மழுங்கி, நேர் கீழே இறங்கியிருக்கும், பச்சரிசியின் உடையாத முனை அளவுக்கு. ஆணுக்கு அதைவிடச் சின்னது, ஒல்லி, நுனி கூர். அறை விளக்கை அணைத்துவிட்டு, தொட்டிக்கு ஒரு பக்கமாக மட்டும் வெளிச்சம் விட்டு, கண்ணை மீனின் மட்டத்துக்குத் தாழ்த்தி உட்கார். மேலிருந்து பார்த்தால் தெரியாது. முட்டை ஒட்டுவதற்காகத் தொட்டியில் வைக்கிற மண் கோனைச் சுற்றி மீன் திரும்பும்போது ஒரு கணம் வயிறு உன் பக்கம் வரும், அந்தக் கணம்தான்.

அதற்கு முன்னால் நடப்பதும் பார்க்கக் கண்கொள்ளாது. இரண்டு மீன் கூட்டத்திலிருந்து பிரிந்து ஒரு மூலையைப் பிடிக்கும், மற்றதை நெருங்க விடாது. ஒன்றையொன்று எதிர்கொண்டு தலையைத் தாழ்த்தும், உடம்பை நடுக்கும், வால் பக்கம் கருக்கும், கோனை வாயால் கொத்திக் கொத்திச் சுத்தம் செய்யும். இதைப் பார்த்துவிட்டு ஆணும் பெண்ணும் சேர்ந்துவிட்டது என்று தீர்மானித்துவிடாதே. ஆண் கிடைக்காத தொட்டியில் இரண்டு பெண் மீன் இதே மாதிரி சேர்ந்து, இதே மாதிரி சுத்தம் செய்து, இரண்டுமே முட்டை போட்டு, இரண்டுமே காவல் நிற்கும். அதனால் முட்டை போடுவதைக் கடைசி வரை பார். கோனில் கீழிருந்து மேலாக வரிசை வரிசையாக ஒட்டிக்கொண்டு போவது பெண், பின்னாலேயே அதே தடத்தில் முட்டை வைக்காமல் ஏறுவது ஆண். ஏறுகிற மீன் ஒவ்வொன்றும் முட்டை வைத்தால் இரண்டும் பெண்.

முட்டை வெளுத்துப்போனால் உடனே ஆண் இல்லை என்று முடிவு கட்டாதே. ஆண் இளசாக இருக்கலாம், தண்ணீர் கடினமாக இருக்கலாம். எனக்கு இங்கே அந்தத் தொல்லைதான் பெரிது. சித்தூர் தாலுகாவின் கிழக்கில் போர்த் தண்ணீர் எப்படி என்று உனக்குத் தெரியாதா, ஃப்ளூரைடால் நம்மோடு படித்த எத்தனை பேருக்குப் பல்லில் மஞ்சள் கறை இருந்தது. மீன் அந்தத் தண்ணீரில் நன்றாக வளர்கிறது, முட்டையும் போடுகிறது, ஆனால் கடினத் தண்ணீரில் சரியாகக் கருக்கூடுவதில்லை. ஆர்.ஓ. தண்ணீரோடு கொஞ்சம் போர்த் தண்ணீர் கலந்து டி.டி.எஸ். என்கிற கரைந்த உப்பின் அளவை நூறு பக்கம் வைத்து, புளிப்பைக் காட்டும் பி.எச். அளவை ஆறு, ஆறரைக்குக் கொண்டுவந்து, 29, 30 டிகிரியில் வைக்கிறேன். அமேசான் ஆற்றுப்படுகையின் மென்மையான, புளித்த தண்ணீரில் பிறந்த மீன் அது, நாம்தான் இறங்கிப் போக வேண்டும். நீ அம்பையில் இருக்கிறாய், தாமிரபரணித் தண்ணீர், உனக்குப் பாதி வேலை மிச்சம். குழாய்த் தண்ணீரானால் குளோரின் போக ஒரு நாள் காற்று ஓடவிட்டுப் பிடி.

கருக்கூடின முட்டை மறுநாளும் தெளிவாக இருக்கும், அப்புறம் உள்ளே கரும்புள்ளி தெரியும், இரண்டரை நாளில் பொரிக்கும். இன்னும் இரண்டு மூன்று நாள் கோனிலேயே வாலை ஆட்டிக்கொண்டு ஒட்டிக் கிடந்துவிட்டு, நீந்த ஆரம்பித்ததும் நேராகத் தாய் தகப்பன் உடம்பில் போய் ஒட்டிக்கொள்ளும். தோலில் சுரக்கிற கோழைதான் அவற்றுக்கு முதல் உணவு. தாய் மட்டுமில்லை, தகப்பனும் கொடுக்கும். ஒன்று களைத்தால் உடம்பை ஒரு வெட்டு வெட்டிக் குஞ்சுகளை மற்றதன் பக்கம் தள்ளிவிடும். 2010-ல் பிரிட்டனில் பிளிமத் பல்கலைக்கழகத்தினர் வெளியிட்ட ஆய்வில், முட்டை போட்டதும் இரண்டின் கோழையிலும் புரதமும் நோயெதிர்ப்புப் பொருளும் கூடுவதையும், மூன்றாவது வாரத்திலிருந்து பெற்றோர் குஞ்சுகளை விட்டு விலகி விலகி நீந்திப் பால் மறக்கடிப்பதையும் பதிவு செய்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால் இந்த மீனை வளர்ப்பதே இதைப் பார்க்கத்தான். ஆண் பெண் தெரிய வேண்டும் என்று நாம் அவசரப்படுவதும் இதற்காகத்தானே. பிஜியன் பிளட் ரகம் மட்டும் இந்தச் சமயத்தில் மற்ற ரகங்களைப் போல உடம்பு கருக்காது, அந்தக் கருமையைத் தேடுகிற குஞ்சுகள் வழி தெரியாமல் தொட்டியில் அலையும். அதனால் நீ அடுத்து வாங்கும்போது டர்காய்ஸ் மாதிரி கோடு போட்ட ரகமாகப் பார்.

ஆம், இன்னும் வாங்கத்தான் சொல்கிறேன். நாலு மீன் போதாது. நாலும் ஒரே பாலாகப் போக எட்டில் ஒரு வாய்ப்பு இருக்கிறது, ஆணும் பெண்ணும் இருந்தாலும் அவற்றுக்குள் பிடிக்க வேண்டும். வேறு இடத்தில் பிறந்த நாலைந்து குஞ்சு, இதே அளவில், வாங்கி ஒரு மாசம் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்துவிட்டுச் சேர். எல்லாம் ஒன்றாக வளரட்டும், தானாக இரண்டு பிரியும்போது அந்த இரண்டையும் ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடித் தொட்டிக்கு மாற்றி ஒரு மண் கோன் வை. இதுதான் ஜோடி பிடிக்க நேரான வழி, இதைவிடச் சீக்கிரமான வழி என்று யாராவது விற்றால் வாங்காதே.

உன் தண்ணீரின் டி.டி.எஸ்.ஸும் பி.எச்.சும் அளந்து அடுத்த கடிதத்தில் எழுது. பள்ளி லீவு விட்டதும் பிள்ளைகளோடு வா, வளர்ந்த மீன் நாலைந்து தருகிறேன், பொள்ளாச்சி வரை பஸ்ஸில் வந்துவிட்டால் நான் வண்டியோடு வந்து கூட்டிப் போகிறேன். அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் செந்தில்