எல்லாவற்றுக்கும் சிஸ்டமேட்டிக் ரிவ்யூ எதற்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆய்வேடுகளின் தரம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கருத்துத் திருட்டு, போலி ஆய்விதழ்கள் எல்லாம் விரிவாக வந்திருந்தன, ஆனால் இலக்கிய மீளாய்வை, அதாவது ஒரு தலைப்பில் ஏற்கெனவே வந்த ஆய்வுகளைத் தேடித் தொகுக்கும் வேலையை, ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். நர்சிங் கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன், மாணவர்கள் முதலில் திணறுவதே அங்கேதான்.

இப்போது வருகிறவர்களில் பலர் "சிஸ்டமேட்டிக் ரிவ்யூ பண்ணணும்" என்ற முடிவோடுதான் வருகிறார்கள். ஒரு தெளிவான கேள்விக்கு, முன்பே வகுத்த விதிப்படி, இருக்கிற ஆய்வுகள் எல்லாவற்றையும் தேடிச் சேர்த்து மதிப்பிடுவதுதான் அது. சரி, கேள்வி என்ன என்று கேட்டால் அது இன்னும் முடிவாகவில்லை என்பார்கள். கைடு சொல்லிவிட்டார், அந்தப் பெயர் இருந்தால்தான் ஜர்னலில் எடுப்பார்கள் என்பார்கள். கேள்விதானே வகையைத் தீர்மானிக்க வேண்டும்? கிராண்ட், பூத் என்ற இரு ஆய்வாளர்கள் 2009இல் 14 வகை மீளாய்வுகளைப் பிரித்துக் காட்டினார்கள். அத்தனையும் தெரிந்திருக்க வேண்டியதில்லை, மூன்று நான்கு தெரிந்தாலே போதும்.

குறைப்பிரசவ அபாயத்தில் இருக்கும் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தை பிழைக்குமா என்பது குறுகிய, தெளிவான கேள்வி. அதற்கு சிஸ்டமேட்டிக் ரிவ்யூதான் சரி. மருத்துவ ஆய்வுகளை இப்படித் தொகுத்து வெளியிடும் காக்ரேன் அமைப்பின் சின்னத்தை உற்றுப் பாருங்கள்: சின்னச் சின்னப் படுக்கைக் கோடுகள், ஒவ்வொன்றும் இந்த ஊசியைப் பற்றிய ஒரு சோதனை. பல கோடுகள் 'வித்தியாசம் இல்லை' என்பதைக் குறிக்கும் செங்குத்தான நடுக்கோட்டைத் தொட்டு நிற்கின்றன, அதாவது தனியாகப் பார்த்தால் பலன் உறுதியில்லை. எல்லாவற்றையும் சேர்த்த கணக்குதான் கீழே இருக்கும் சாய்சதுரம், அது நடுக்கோட்டைத் தொடாமல் பலன் உண்டு என்கிற பக்கம் தள்ளி நிற்கிறது. முதல் சோதனை நியூசிலாந்திலிருந்து 1972இல் வெளியானது, முறையான தொகுப்பு 1989 வரை வரவில்லை. இடையில் எத்தனை குழந்தைகள் போயிருக்கும் என்று நினைத்தாலே மனசு பதறுகிறது.

ஆனால் கிராமச் செவிலியர்களின் பணிச்சுமை பற்றி என்னென்ன ஆய்வு நடந்திருக்கிறது என்று கேட்கிற மாணவிக்கு அந்த முறை பொருந்தாது. ஒன்று நேர்காணல், ஒன்று கருத்துக்கணிப்பு, ஒன்று அரசு அறிக்கை, பணிச்சுமை என்பதை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக அளந்திருப்பார்கள், இவற்றையெல்லாம் கூட்டி ஒரே எண்ணாக்க முடியுமா? ஆர்க்சே, ஓ'மாலி என்ற ஆய்வாளர்கள் 2005இல் வகுத்த ஸ்கோப்பிங் ரிவ்யூ இருப்பதே இதற்குத்தான்: என்ன இருக்கிறது, எங்கே இடைவெளி என்று காட்டும். அது தரம் குறைந்த வேலை இல்லை.

ஒரு கோட்பாடு வளர்ந்த கதையைச் சொல்ல, எழுதுகிறவர் தன் போக்கில் தொகுத்துச் சொல்லும் பழைய நெரேட்டிவ் ரிவ்யூ இன்றைக்கும் நல்ல வழிதான். ஆனால் எங்கே தேடினோம் என்று அதிலும் சொல்ல வேண்டும். வேதியியலாளர் லைனஸ் பாலிங் 1986இல் வைட்டமின் சி பற்றி எழுதிய நூலை க்னிப்ஷில்ட் என்ற நெதர்லாந்து ஆய்வாளர் 1994இல் முறையான தேடலோடு ஒப்பிட்டுப் பார்த்தார். வைட்டமின் சி பலன் தரும் என்ற பாலிங்கின் கருத்துக்கு ஒத்துவராத ஆய்வுகள் விடுபட்டிருந்தன. இரண்டு நோபல் பரிசு வாங்கியவருக்கே இப்படி!

இங்கே என்னை அதிகம் வருத்துவது நடக்கிற விதம். ஒரே ஆள், ஒரே மாதம், கூகுள் ஸ்காலரின் முதல் சில பக்கங்கள். எழுதி முடித்த பிறகு, எத்தனை கட்டுரை கிடைத்தது, எத்தனை விலக்கப்பட்டது என்று காட்டும் பிரிஸ்மா வரைபடம், அதில் எண்களைக் கீழிருந்து மேலாக நிரப்புவது. உண்மையில் தேடுவதற்கு முன்பே எதைச் சேர்ப்போம், எதை விடுவோம் என்று எழுதி வைக்க வேண்டும், இரண்டு பேர் தனித்தனியாகச் சலிக்க வேண்டும், ஒரு கட்டுரையை விலக்கினால் காரணம் குறிக்க வேண்டும். மீளாய்வுத் திட்டங்களை முன்கூட்டியே பதியும் ப்ரோஸ்பெரோ பதிவேட்டிலிருந்து 195 மீளாய்வுகளை எடுத்துப் பார்த்த 2017 ஆய்வில், பதிவிலிருந்து வெளியீடு வரை சராசரியாக 67 வாரம் ஆகியிருந்தது. எம்.எஸ்சி. மாணவிக்கு அவ்வளவு நேரம் ஏது?

பல்கலைக்கழகங்கள் ஒன்று செய்யலாம். எந்தத் தரவுத்தளத்தில், எந்தத் தேதியில், என்ன சொற்களைப் போட்டுத் தேடினார்கள், எத்தனை கிடைத்தன என்பதைப் பின்னிணைப்பாகக் கேட்கட்டும். வைவாவில் தேர்வாளர் அதை வைத்து நாலு கேள்வி கேட்கட்டும். அப்புறம், ஸ்கோப்பிங் ரிவ்யூ என்று தலைப்பு வைத்தால் மதிப்பெண் குறையாது என்று கைடுகளுக்குச் சுற்றறிக்கை போகட்டும். உங்கள் இதழும் இதை எழுதினால் அவர்கள் கண்ணில் படும்.

– ஒரு கல்லூரி நூலகர், திருச்சி